தங்கையின் மூல நட்சத்திரமும் அதர்வ வேதத்தின் பிரார்த்தனையும்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஒரு வருடமாக மாலை வகுப்பில் ஜோதிடம் படிக்கிறீர்கள். "இது முழுக்க வேதத்தில் இருப்பது, ரிஷிகள் தியானத்தில் கண்டது, ஓர் எழுத்துகூட வெளியிலிருந்து வரவில்லை" என்கிறார் உங்கள் ஆசிரியர். உடன் வேலை பார்க்கும் நண்பரோ, "ராசி, லக்கினம், கிழமை எல்லாம் கிரேக்கர்களிடம் வாங்கியது, வேதத்துக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை" என்று உதாரணங்களோடு அடுக்கிவிட்டார். "நான் புனிதம் என்று நம்பிக் கையில் எடுத்தது புனிதம்தானா? இதன் வேர் எங்கே இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கையெழுத்துக்குச் சற்று மேலே, பிறகு நினைவு வந்து சேர்த்ததுபோல மூன்று வரிகள் இருக்கின்றன. தங்கைக்கு மூல நட்சத்திரம், முதல் பாதம். மாமனாருக்கு ஆகாது என்று இரண்டு வரன்கள் தட்டிப்போயின. "நீதான் படிக்கிறாயே, ஒரு வழி சொல்" என்று அம்மா உங்களிடமே கேட்கிறார்.

அந்த மூன்று வரிகளுக்காகத்தான் முழுக் கடிதத்தையும் எழுதினீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. தங்கையின் வாழ்க்கையை நிறுத்தி வைக்கும் ஒரு சொல்லுக்கு எவ்வளவு அதிகாரம் உண்டு என்று தெரிய வேண்டுமானால், அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று முதலில் தெரிய வேண்டும். ஆகவே உங்கள் இரண்டு கேள்விகளும் ஒன்றுதான். வேரிலிருந்தே தொடங்குகிறேன். பஞ்சாங்கம் கணிப்பதும் ஜாதகம் பார்ப்பதுமாகவே என் வாழ்நாள் கழிந்திருக்கிறது. எனக்குச் சாதகமானதை மட்டும் எடுத்துச் சொல்லமாட்டேன்.

வேதத்தின் ஆறு அங்கங்களில் ஜோதிஷமும் ஒன்று என்று வகுப்பில் படித்திருப்பீர்கள். அது உண்மை. ஆனால் அந்த அங்கத்துக்கு உரிய நூலைத் திறந்து பார்த்தீர்களா? லகதர் என்பவரின் பெயரால் வழங்கும் வேதாங்க ஜோதிஷம் மிகச் சிறிய நூல். ரிக் வேதத்துக்கு உரிய பாடத்தில் 36 சுலோகங்கள்தான்; யஜுர் வேதப் பாடத்தில் அதைவிடச் சில கூடுதல். வேதங்கள் யாகத்துக்காக ஏற்பட்டன, யாகங்கள் காலத்தின் வரிசைப்படி விதிக்கப்பட்டிருக்கின்றன, ஆகவே காலத்தை விதிக்கும் இந்தச் சாஸ்திரத்தை அறிந்தவனே யாகத்தை அறிந்தவன் என்று அதுவே தன் நோக்கத்தைச் சொல்லிவிடுகிறது. ஐந்து ஆண்டுகள் கொண்ட ஒரு யுகம், அதில் 1830 நாட்கள், 62 சந்திர மாதங்கள், சந்திரன் நட்சத்திர மண்டலத்தை 67 முறை சுற்றுவது, பகல் நீள்வதும் குறைவதும், நீர்க்கடிகையால் நேரத்தை அளப்பது: இவைதான் அதன் உள்ளடக்கம். பன்னிரண்டு ராசிகள் அதில் இல்லை. லக்கினம் இல்லை. ஜாதகக் கட்டம் இல்லை. யாருக்கு எப்போது திருமணம், யாருக்கு என்ன தொழில் என்ற பேச்சே இல்லை. உத்தராயணம் அவிட்ட நட்சத்திரத்தின் தொடக்கத்தில் நிகழ்வதாக அது குறிப்பிடுகிறது. வானம் அப்படி இருந்தது கி.மு. 14 முதல் 12-ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தில். நூலின் மொழி அதற்குப் பிந்தியது என்பது மொழியறிஞர்களின் கருத்து. எப்படிப் பார்த்தாலும் பழமைக்குக் குறைவில்லை. ஆனால் அந்தப் பழமை காலக்கணிதத்தின் பழமை.

நட்சத்திரங்கள் மட்டும் ஐயத்துக்கு இடமின்றி வேதத்துக்கு உரியவை. தைத்திரீய சங்கிதையிலும் அதர்வ வேதத்திலும் அவற்றின் பட்டியல் இருக்கிறது. இன்று நாம் அசுவினியில் தொடங்குகிறோம். அங்கே தொடக்கம் கார்த்திகை. ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் ஒரு தேவதை: கார்த்திகைக்கு அக்னி, ரோகிணிக்குப் பிரஜாபதி, மிருகசீரிடத்துக்குச் சோமன், திருவாதிரைக்கு ருத்ரன். எந்த நட்சத்திரத்தில் அக்னியை நிறுவ வேண்டும், எதில் எந்த இஷ்டியை, அதாவது சிறு வேள்வியை, செய்ய வேண்டும் என்று சொல்லும்போது அந்தப் பழைய மனிதர்கள் வானத்தைத் தாம் பேசக்கூடிய ஒன்றாகவே கருதினார்கள்.

இனி உங்கள் நண்பரின் பக்கம். அவர் சொன்னதிலும் பெரும் பகுதி சரி. நாள்தோறும் வகுப்பில் நீங்கள் உச்சரிக்கும் சொற்களையே எடுத்துக்கொள்ளுங்கள்: ஹோரை, கேந்திரம், திரேக்காணம், பணபரம், ஆபோக்கிலிமம், சுனபா, அனபா, கேமத்துருமம். இவற்றை வடமொழி வேர்ச்சொல்லிலிருந்து பிரித்துக் காட்ட முடியாது. எல்லாம் கிரேக்கச் சொற்களின் திரிபு. கேந்திரம் என்பது வட்டத்தின் நடுப்புள்ளியைக் குறிக்கும் 'கென்ட்ரான்'. பாகையில் அறுபதில் ஒரு பங்கான கலை என்ற அளவுக்கு வழங்கும் லிப்தை என்ற பெயர் 'லெப்டான்'. ராசிகளுக்குக் கிரியம், தாவுரி, ஜிதுமம் என்று தொடங்கும் ஒரு பெயர் வரிசை வராகமிகிரரின் பிருஹத் ஜாதகம் என்ற நூலின் முதல் அத்தியாயத்திலேயே இருக்கிறது. கிரேக்கர்கள் ராசிகளுக்கு வைத்த பெயர்களை அப்படியே ஒலிபெயர்த்தது அது. யவனர் என்று கிரேக்கர்களைத்தான் சொன்னார்கள். யவன ஜாதகம் என்றே ஒரு வடமொழி நூல் உண்டு; தான் யாருடைய அறிவைச் சொல்கிறது என்பதை அது பெயரிலேயே வைத்திருக்கிறது.

கிழமைகளின் வரிசையும் அப்படித்தான். காகிதத்தில் எழுதிப் பாருங்கள். வானத்தில் மெதுவாக நகர்வதிலிருந்து வேகமாக நகர்வது வரை கிரகங்களை வரிசைப்படுத்தினால் சனி, குரு, செவ்வாய், சூரியன், சுக்கிரன், புதன், சந்திரன் என்று வரும். ஒரு நாளுக்கு 24 ஹோரை. சனிக்கிழமை முதல் ஹோரை சனிக்கு, இரண்டாவது குருவுக்கு என்று கொடுத்துக்கொண்டே போங்கள். ஏழு முடிந்ததும் மறுபடி சனி. இருபத்து நான்கு தீர்ந்து, இருபத்தைந்தாவது, அதாவது மறுநாளின் முதல் ஹோரை, சூரியனிடம் வந்து நிற்கும். அதனால் அது ஞாயிறு. அங்கிருந்து இன்னொரு இருபத்து நான்கு எண்ணினால் சந்திரன், திங்கள். அடுத்தது செவ்வாய். நாளை 24 பங்காக்கி ஏழு கிரகங்களுக்குப் பகிர்ந்த ஒரு கணக்கிலிருந்து இந்த வரிசை பிறந்தது. வேதத்தில் வாரக் கிழமை கிடையாது. கிழமை குறித்த இந்தியக் கல்வெட்டுகளில் மிகப் பழையதாக அறியப்படுவது மத்தியப் பிரதேசத்தில் ஏரண் என்ற இடத்தில் உள்ள தூண் கல்வெட்டு. குப்த அரசர் புத்தகுப்தர் காலத்தது, கி.பி. 484, வியாழக்கிழமையைத் தேவகுருவின் நாள் என்று குறிப்பிடுகிறது.

இதைக் கேட்டு உங்கள் மனம் சோர்ந்தால், வராகமிகிரரிடம் போங்கள். உஜ்ஜயினியைச் சேர்ந்தவர், ஆறாம் நூற்றாண்டு. ஜாதக சாஸ்திரத்தில் அவரைவிடப் பெரிய பெயர் இல்லை. "யவனர்கள் மிலேச்சர்கள்தான், ஆனால் இந்தச் சாஸ்திரம் அவர்களிடம் நன்றாக நிலைபெற்றிருக்கிறது. அவர்களும் ரிஷிகளைப் போலப் பூஜிக்கப்படுகிறார்கள்" என்ற கருத்தைப் பிருஹத் சங்கிதையில் எழுதி வைத்தார். ஐந்து சித்தாந்தங்களை, அதாவது வானியல் கணித நூல்களை, அவர் தொகுத்தபோது ரோமக சித்தாந்தத்துக்கும் அதில் இடம் கொடுத்தார். வாங்கியதை அவர் மறைக்கவில்லை, அதற்காக வெட்கப்படவும் இல்லை. ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் கழித்து நாம் ஏன் அவருக்காக வெட்கப்பட வேண்டும்? 'வேத ஜோதிடம்' என்ற பெயரே 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் பரவலாயிற்று. வராகமிகிரர் தன் நூலுக்கு வைத்த பெயர் ஜாதகம், ஹோரை.

அந்த ஹோரை என்ற சொல்லை அவர் எப்படி விளக்கினார் என்பதில்தான் நீங்கள் தேடும் ஆன்மிக அடிப்படை இருக்கிறது. 'அகோராத்திரம்', அதாவது பகலும் இரவும், என்ற சொல்லின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் உதிர்ந்து ஹோரை ஆயிற்று என்று சிலர் சொல்வதாக எழுதிவிட்டு, அதே சுலோகத்தில், முற்பிறவியில் ஈட்டிய நல்வினை தீவினைகளின் பக்குவத்தை அது வெளிப்படுத்துகிறது என்று முடிக்கிறார். சொல் வரலாற்றின்படி முதல் பாதி நிற்காது. இரண்டாவது பாதிதான் இந்த மண் அந்தச் சாஸ்திரத்துக்குக் கொடுத்த உயிர். வினைக்கு ஒரு கணக்கு உண்டு, அது காலத்தில் பழுக்கிறது, பழுக்கும் பருவத்தை வானத்தின் நிலை காட்டுகிறது என்ற கருத்தோடு இணைத்தவுடன், வெளியிலிருந்து வந்த கணக்கு வேறொன்றாக ஆகிவிட்டது.

இன்னும் இரண்டு இடங்களைக் காட்டுகிறேன். புருஷ சூக்தத்தில் பிரம்மாண்ட புருஷனின் மனத்திலிருந்து சந்திரன் தோன்றினான், கண்ணிலிருந்து சூரியன் தோன்றினான் என்று வருகிறது. பிருஹத் ஜாதகத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் முதல் சுலோகம், காலபுருஷனுக்குச் சூரியன் ஆத்மா, சந்திரன் மனம், புதன் வாக்கு, குரு ஞானமும் சுகமும், சனி துக்கம் என்று தொடங்குகிறது. சந்திரனை மனத்தோடு சேர்த்த அந்தப் பழைய வேத நினைவு ஜாதகத்துக்குள் வந்து அமர்ந்திருக்கிறது. அடுத்தது தசை. பிறந்தபோது சந்திரன் நின்ற நட்சத்திரத்தை வைத்து 120 ஆண்டுகளை ஒன்பது கிரகங்களுக்குப் பிரிக்கும் விம்சோத்தரி முறைக்குக் கிரேக்கத்தில் இணை இல்லை. அதன் எண்ணிக்கை எங்கே தொடங்குகிறது? கார்த்திகையில், சூரிய தசையில். வேதப் பட்டியலின் அதே தலை நட்சத்திரம். நீங்கள் ஒவ்வொரு முறை தசை இருப்பு கணக்கிடும்போதும் தைத்திரீயத்தின் வரிசையில்தான் எண்ணுகிறீர்கள்.

இனித் தங்கைக்கு வருகிறேன்.

மூலத்தின் மீதான அச்சம் கற்பனையாக நேற்று முளைத்தது என்று சொல்லி உங்களைச் சமாதானப்படுத்த நான் விரும்பவில்லை. அது பழையது. வேதத்தில் மூலத்தின் தேவதை நிர்ருதி, அழிவின் தேவி. அதர்வ வேதத்தின் ஆறாம் காண்டத்தில் 110-ஆம் சூக்தம் கேட்டையிலும் மூலத்திலும் பிறந்த குழந்தையைப் பற்றியது. கேட்டைக்கு அங்கே மூத்தவரைக் கொல்வது என்ற பொருளில் 'ஜ்யேஷ்டக்னி' என்று பெயர். புலி போன்ற நாளில் ஒரு வீரன் பிறந்திருக்கிறான், வளரும்போது அவன் தந்தையைக் கொல்லாதிருக்கட்டும், பெற்ற தாய்க்குத் தீங்கு செய்யாதிருக்கட்டும் என்று அந்த மந்திரம் வேண்டுகிறது. அச்சம் அப்பட்டமாகத் தெரிகிறது.

ஆனால் மந்திரம் யாருக்காக வேண்டுகிறது என்று பாருங்கள். "வேரோடு பிடுங்கும் யமனிடமிருந்து இவனைக் காப்பாற்று, எல்லா இடர்களையும் கடத்திவிடு, நூறு இலையுதிர் காலங்கள் இவன் வாழட்டும்" என்பதுதான் அதன் வேண்டுதல். ஆபத்தில் இருப்பதாக அந்த ரிஷி கருதியது குழந்தையை. அக்னியை அழைத்ததும் குழந்தைக்குத் துணையாக. குழந்தை பிறந்த சில நாட்களில் சொல்லி முடித்துவிட வேண்டிய பிரார்த்தனை அது. இருபத்தைந்து வயதுப் பெண்ணை வாசலில் நிறுத்தி வைத்து ஜாதகத்தைத் திருப்பி அனுப்புவதற்கு அதில் ஓர் எழுத்தும் இல்லை. மருமகள் என்ற சொல் இல்லை, மாமனார் இல்லை, பெண் என்ற பாகுபாடே இல்லை. அங்கே பேசப்படுவது ஆண் குழந்தை.

அதே அதர்வ வேதத்தில் இரண்டாம் காண்டத்துக்குப் போங்கள். எட்டாவது சூக்தம். மூலத்தின் பழைய பெயர்களில் ஒன்று 'விச்ருத்'. அவிழ்ப்பது என்று பொருள். இரட்டை நட்சத்திரம் என்பதால், வடமொழியில் இரண்டைக் குறிக்கும் இருமை வடிவில் சொல்வார்கள். "விச்ருத் என்னும் பெயருடைய, பாக்கியம் நிறைந்த இரண்டு தாரகைகள் உதித்துவிட்டன; பரம்பரை நோயின் மேல் கட்டையும் கீழ்க் கட்டையும் அவை அவிழ்க்கட்டும்" என்று அந்த மந்திரம் தொடங்குகிறது. குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக வரும் நோயைத் தீர்க்க வேத காலத்து மனிதன் அண்ணாந்து பார்த்துக் கைகூப்பிய நட்சத்திரம் உங்கள் தங்கையின் நட்சத்திரம்தான்.

ஆடி மாதத்து இரவில் ஒன்பது, பத்து மணிக்கு வெளியே வந்து தெற்கே பாருங்கள். தேள் வடிவம் தெளிவாகத் தெரியும். வால் வளைந்து முடியும் இடத்தில், கொடுக்கில், ஒன்றையொன்று ஒட்டி இரண்டு நட்சத்திரங்கள் இருக்கும்; ஒன்று சற்றுப் பிரகாசம், மற்றது சற்று மங்கல். அவைதாம். தங்கையையும் அழைத்துக் காட்டுங்கள். மூலம் மூலம் என்று காதால் கேட்டு நடுங்குகிற பெண், அதைக் கண்ணால் ஒருமுறையாவது பார்த்திருக்க வேண்டும்.

பிறகு மாமனார் எப்படி வந்தார்? பிற்கால முகூர்த்த நூல்களில் வருகிறார். காசியில் ராம தைவக்ஞர் 1600-இல் எழுதிய முகூர்த்த சிந்தாமணியின் விவாகப் பகுதியில் ஆயில்யத்தில் பிறந்தவர்கள் மாமியாருக்கும், மூலத்தில் பிறந்தவர்கள் மாமனாருக்கும் ஆகாது என்று இருக்கிறது. அங்கேயும் 'கன்னிகை, குமாரன்' என்று இருவரையும் சேர்த்தே சொல்லியிருக்கிறது. மூலத்தின் கடைசிப் பாதத்துக்கு உடனே விலக்கும் கொடுத்திருக்கிறது. மூலத்தில் பிறந்த மாப்பிள்ளையைப் பெண்ணின் தந்தை நிராகரித்ததாக நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை. "ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்" என்ற பழமொழியில் ஆணைத் தூக்கிப் பெண்ணைத் தள்ளிய வேலையைச் செய்தது சாஸ்திரம் இல்லை, ஊர். அந்தப் பழமொழியின் சொற்களைத் திருத்தி நல்ல பொருள் காட்டுவோரும் உண்டு. நான் அந்த முயற்சிக்கே போவதில்லை. அதைச் சொல்லாமல் விட்டுவிடுவது இன்னும் நல்லது.

நம் பழந்தமிழ்த் திருமணம் எப்படி நடந்தது என்று அகநானூற்றில் இரண்டு பாடல்கள் நேரில் பார்ப்பதுபோலக் காட்டுகின்றன; 86-ஆம் பாடலும் 136-ஆம் பாடலும். புள் நிமித்தம், அதாவது பறவைச் சகுனம், பார்க்கிறார்கள், திங்கள் ரோகிணியோடு சேர்ந்த நாளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நாள் பார்த்தார்கள், நட்சத்திரம் பார்த்தார்கள். எல்லாம் திருமணம் நடக்கும் நாளுக்கு. மணமகள் எந்த நட்சத்திரத்தில் பிறந்தாள் என்ற பேச்சு அந்தப் பாடல்களில் இல்லை.

"வினைதான் எல்லாம் என்றால் பரிகாரம் எதற்கு, முயற்சி எதற்கு?" என்றும் கேட்டிருந்தீர்கள். கிரக சாந்தியை விரிவாக விதித்த பழைய நூல்களில் ஒன்று யாக்ஞவல்கிய ஸ்மிருதி. எந்தக் கிரகத்துக்கு எந்தச் சமித்து, எந்த அன்னம், எந்தத் தட்சிணை என்று அதில் இருக்கிறது. அதே முதல் அத்தியாயத்தில், சற்றுத் தள்ளி, தெய்வம் என்று நாம் சொல்வது முன் உடம்பில் நாமே செய்த முயற்சிதான் என்றும், ஒற்றைச் சக்கரத்தால் தேர் ஓடாததுபோல மனித முயற்சி இல்லாமல் தெய்வம் பலிக்காது என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. பரிகாரம் சொல்பவர்கள் முதல் பகுதியை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். இரண்டாவதையும் படித்தவர் ஒருவர், "இத்தனை ஆயிரம் செலவழித்தால் தோஷம் போய்விடும்" என்று ஒரு தாயிடம் சொல்லமாட்டார். உங்கள் அம்மாவிடம் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால், தயவுசெய்து ஒரு ரூபாயும் கொடுக்க விடாதீர்கள். கோயிலுக்குப் போவது வேறு. மனம் கனத்திருக்கும்போது விளக்கேற்றிக் கும்பிட்டு வருவதை நான் ஒருநாளும் தடுக்கமாட்டேன்.

எனக்கு மிகவும் நெருக்கமான ஒரு காட்சி சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. ஊழ்வினை உருத்து வந்து ஊட்டும் என்று பறைசாற்றும் நூல் அது. அதன் ஆசிரியர் இளங்கோவைப் பற்றி வரந்தரு காதையில் ஒரு செய்தி வருகிறது. வஞ்சி நகரத்து மணிமண்டபத்தில் தந்தையின் அருகில் இருந்த இளையவரைப் பார்த்து, குறி சொல்லும் நிமித்திகன் ஒருவன், அரசு வீற்றிருக்கும் பொறி உனக்கு உண்டு என்கிறான். மூத்தவன் செங்குட்டுவன் மனம் நொந்துபோகிறான். இளங்கோ என்ன செய்தார்? சொன்னவனை 'உருத்து நோக்கி'னார். கோபித்துப் பார்த்தார். அண்ணனின் வருத்தம் தீர அப்போதே துறவு பூண்டார். ஊழை முழுதாக நம்பிய ஒருவர், தம்மைப் பற்றிச் சொல்லப்பட்ட பலனை, அது ஓர் உறவைக் காயப்படுத்துகிறது என்பதற்காகவே உதறினார். நம்புவதும் உதறுவதும் ஒரே மனத்தில் இருக்க முடியும், தம்பி. உங்கள் வீட்டில் இப்போது தேவைப்படுவது அந்த உருத்த நோக்குதான்.

ஒன்றை உங்களிடம் மறைத்தால் நான் நேர்மையானவன் ஆகமாட்டேன். ஜாதகம் பலிக்கிறதா என்று சோதித்திருக்கிறார்கள். வானியலறிஞர் ஜயந்த் நார்லிகர் தலைமையில் 2008-இல் மகாராஷ்டிரத்தில் ஒரு சோதனை நடந்தது. படிப்பில் சிறந்த நூறு பிள்ளைகள், அறிவு வளர்ச்சி குன்றிய நூறு பிள்ளைகள்; இவர்களின் ஜாதகங்களைக் கலந்து, ஜோதிடர்களுக்கு ஆளுக்கு நாற்பது வீதம் அனுப்பினார்கள். எது யாருடையது என்று பிரிக்க வேண்டும். விடை எழுதி அனுப்பிய 27 பேரின் சராசரி 46 சதவீதம். காசைச் சுண்டிப் போட்டுச் சொல்லியிருந்தால் 50 கிடைத்திருக்கும். சோதனை முறையில் குறை காண்போர் நம் தொழிலில் இருக்கிறார்கள். எனக்கு அந்த முடிவு வலித்தது. வலித்ததற்காக அதைத் தள்ளிவிட முடியாது. அதற்கு முன்பே நான் 'இது நடக்கும்' என்று சொல்வதைக் குறைத்திருந்தேன். இப்போது உயிர், நோய், குழந்தைப்பேறு இவற்றில் பலன் சொல்வதை நிறுத்தியே விட்டேன். வருபவர்களின் பேச்சைக் கேட்கிறேன். அவர்கள் எந்தப் பருவத்தில் நிற்கிறார்கள் என்று தசையை வைத்துப் பேச ஓர் ஆரம்பம் கிடைக்கிறது. அதற்கு மேல் உரிமை கொண்டாட எனக்கு மனம் வரவில்லை.

லகு ஜாதகத்தில் வராகமிகிரர் இந்தச் சாஸ்திரத்துக்கு ஓர் உவமை சொல்கிறார். மற்றொரு பிறவியில் சேர்த்த வினையின் பக்குவத்தை இது காட்டுகிறது, இருட்டில் உள்ள பொருள்களை விளக்கு காட்டுவதுபோல. விளக்கு எந்தப் பொருளையும் உண்டாக்குவதில்லை. உங்கள் தங்கையின் நட்சத்திரம் எந்த மாமனாரையும் எதுவும் செய்துவிடாது என்று இந்த உவமையிலிருந்தே உங்கள் வகுப்பில் வாதாட முடியும். ஒரு மனிதரின் ஆயுள் அவருடைய வினையைப் பொறுத்தது என்பதுதான் இந்தச் சாஸ்திரத்தின் அடிப்படை என்றால், மருமகளின் பிறந்த நாள் அதற்குள் எப்படி நுழையும்? வினைக் கொள்கையை ஏற்றுக்கொண்டு மூல தோஷத்தையும் ஏற்பவர் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். நான் கேட்டவரையில் யாரும் சொன்னதில்லை.

படிப்பை நிறுத்திவிடவா என்றும் ஒரு வரியில் கேட்டிருந்தீர்கள். வேண்டாம், படியுங்கள். ஆனால் பலன் நூலுக்கு முன் கணிதம் படியுங்கள். வாக்கியப் பஞ்சாங்கம் எப்படிக் கணிக்கப்படுகிறது, சந்திரன் நிற்கும் இடத்தைச் சொல்லும், வரருசியின் பெயரால் வழங்கும் 248 சந்திர வாக்கியங்கள் ஒவ்வொன்றிலும் எழுத்துக்குள் எண்ணை எப்படி மறைத்து வைத்திருக்கிறார்கள், திருக்கணிதம் எங்கே வேறுபடுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். 1825-இல் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் தரையில் சோழிகளைப் பரப்பி, நினைவிலிருந்தே வாய்ப்பாடுகளைச் சொல்லி, வரப்போகும் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை ஜான் வாரன் என்ற ஐரோப்பியர் பதிவு செய்திருக்கிறார். அந்தக் கணிதரின் விரல்களில் இருந்ததும் இந்தச் சாஸ்திரம்தான். அதில் யாரையும் அச்சுறுத்தும் சொல் எதுவும் இல்லை. பிறகு சாந்தோக்கிய உபநிடதத்தின் ஏழாம் அத்தியாயத்தைப் படியுங்கள். நாரதர் தாம் கற்ற வித்தைகளை எல்லாம் சனத்குமாரரிடம் வரிசையாகச் சொல்கிறார். அதில் நட்சத்திர வித்தையும் ஒன்று. எல்லாம் கற்றும் ஆத்மாவை அறியவில்லை, துக்கத்தில் இருக்கிறேன், கரையேற்றுங்கள் என்கிறார். நம் வித்தைக்கு வேதாந்தம் கொடுத்த இடம் அது. அந்த இடம் எனக்குப் போதும்.

வீட்டில் என்ன செய்வது? அம்மாவிடம் முதலில் நீங்கள் பேசுங்கள், தங்கை இல்லாத நேரத்தில் வேண்டாம், அவளும் உட்கார்ந்திருக்கட்டும். அந்த இரண்டு அதர்வ மந்திரங்களின் பொருளையும் இந்தக் கடிதத்திலிருந்தே படித்துக் காட்டுங்கள். அடுத்து வரும் வரனிடம் நட்சத்திரத்தை மறைக்காதீர்கள். பாதத்தை மாற்றி எழுதித் தரச் சொல்லி யாரிடமும் போகாதீர்கள். நட்சத்திர எல்லையில் பிறந்தவர்களுக்கு வாக்கியத்திலும் திருக்கணிதத்திலும் பாதம் வேறுபடுவது உண்டு, ஆனால் அந்தச் சந்து வழியாகத் தப்ப வேண்டிய குற்றம் எதையும் அவள் செய்யவில்லை. "மூலம்தான், எங்களுக்கு அதில் பயமில்லை" என்று முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டுப் பின்வாங்கும் வீட்டில் உங்கள் தங்கை வாழ்ந்தால், மாமனாருக்கு எப்போது காய்ச்சல் வந்தாலும் அவளைத்தான் பார்ப்பார்கள். அந்த வீடு போகட்டும்.

அம்மாவுக்கு இன்னும் தயக்கம் இருந்தால் என்னிடம் அழைத்து வாருங்கள், தங்கையும் வரட்டும். ஜாதகத்தை எடுத்து வர வேண்டியதில்லை.

அன்புடன்,
உங்கள் ஜோதிடர்